வாங்குபவரின் வரலாறு – 9: சாயப் பொட்டலத்தில் ஒரு வரி

நரைக்குப் பூசும் கருஞ்சாயம் இன்று தெருமுனை மளிகைக் கடையிலும் சரம் சரமாகத் தொங்குகிறது. அந்தப் பொட்டலத்தின் பின்பக்கத்தில், கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய அளவு பொடி எழுத்தில், ஓர் எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள். இதிலுள்ள பொருள்கள் சிலருக்குத் தோல் எரிச்சலை உண்டாக்கலாம், அதனால் முதலில் கொஞ்சம் தடவிச் சோதித்துப் பார்க்க வேண்டும். இமைக்கும் புருவத்துக்கும் பூசவே கூடாது, பூசினால் பார்வை போகலாம் என்பது அதன் சாரம். தலைமுடிக்கு வாங்குகிற சாயத்தில் இமையைப் பற்றி எதற்குப் பேச்சு என்று படிப்பவருக்குத் தோன்றலாம். இந்த வாசகத்தை இந்தியாவின் அழகுசாதனப் பொருள் விதிகள் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஆனால் வாசகம் பிறந்த இடம் இந்தியா இல்லை. 1938 ஜூன் மாதம் அமெரிக்காவில் கையெழுத்தான ஒரு சட்டத்தின் பிரிவிலிருந்து, ஏறக்குறைய சொல்லுக்குச் சொல், நம் விதிகளுக்குள் வந்து சேர்ந்தது. அந்தப் பிரிவு அங்கே எழுதப்படுவதற்கு முன் பல பெண்களின் கண்கள் புண்ணாகின. சிலர் பார்வையை இழந்தார்கள். ஒருவர் உயிரையும் இழந்தார்.

சென்ற அத்தியாயத்தை 1906 ஜூன் 30 அன்று அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட தூய உணவு, மருந்துச் சட்டத்தோடு நிறுத்தியிருந்தோம். அமெரிக்க அரசின் வேதியியல் துறைத் தலைவர் ஹார்வி வைலியும் அவருடைய துறையும் கால் நூற்றாண்டு போராடிப் பெற்ற சட்டம் அது. அதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதன் உள்ளமைப்பில் இருந்த ஒரு பிழையைப் புரிந்துகொள்ளாமல் அடுத்த 32 ஆண்டுகளைப் புரிந்துகொள்ள முடியாது. அந்தச் சட்டம் பொய்யைத் தண்டித்தது, மௌனத்தை விட்டுவிட்டது. லேபிளில் எழுதியது தவறாக இருந்தால் குற்றம். எழுதாமல் விட்டுவிட்டால் பெரும்பாலும் குற்றமில்லை. 1906க்குப் பிறகு பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பலரை வீழ்த்தியது அச்சிட்ட பொய் அன்று, அச்சிடாமல் விட்ட பெயர்தான் என்பதே இந்த அத்தியாயத்தில் நான் நிறுவ முயல்வது. வாங்குபவரின் அறியும் உரிமை என்று இன்று நாம் சொல்வது, அந்த மௌனத்தைக் குற்றமாக்குவதற்கு நடந்த நீண்ட முயற்சியின் பெயர்.

விதிவிலக்கு ஒன்று அந்தச் சட்டத்திலேயே இருந்தது. மது, அபின், மார்ஃபின், கொக்கேன், ஹெராயின் போன்ற ஒரு சில பொருள்கள் மருந்தில் கலந்திருந்தால், பெயரையும் அளவையும் புட்டியின் மேல் எழுதியே ஆக வேண்டும். அழுகிற கைக்குழந்தையைத் தூங்கவைக்கும் சாறு என்று விற்றதில் மார்ஃபின் இருப்பதைத் தாய்மார்கள் படித்தறிய முடிந்தது அதன் பிறகுதான். கலப்பது தடை செய்யப்படவில்லை. எழுத வேண்டும் என்று மட்டுமே சட்டம் சொன்னது. அதற்கே தயாரிப்பாளர்கள் பலர் அளவைக் குறைத்தார்கள், சிலர் அடியோடு எடுத்தார்கள். ஆனால் இந்தப் பட்டியலுக்கு வெளியே இருந்த எந்த நஞ்சுக்கும் இந்தக் கடமை கிடையாது. உணவிலோ, தனக்கென ஒரு தனிப்பெயர் சூட்டிக்கொண்ட பொருளுக்குச் சலுகை இருந்தது. பிரெட்-ஸ்பிரெட் என்ற பெயரில் ஜாம் போலவே தோன்றும் ஒன்று விற்றது. பழம் அதில் மிகக் குறைவு. ஜாம் என்று அது தன்னைச் சொல்லிக்கொள்ளவில்லை, ஆகவே பொய் சொல்லவில்லை; வழக்குகளில் அரசு தோற்றது. மருந்து குணமாக்கும் என்று புளுகுவதுகூட இந்தச் சட்டத்தில் வராது என்று 1911இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு கொண்டுவந்த திருத்தமோ, ஏமாற்றும் எண்ணம் இருந்ததை அரசே நிரூபிக்க வேண்டும் என்றது. விற்பவரின் மனத்துக்குள் புகுந்து பார்க்கும் வேலை அது. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, ஒப்பனைப் பொருள்கள் சட்டத்துக்குள் வரவே இல்லை. மாவு, களிம்பு, சாயம், மை எதுவானாலும் அரசு கேள்வி கேட்க முடியாது.

அந்த ஓட்டைக்குள் புகுந்தவற்றில் ஒன்று லாஷ் லூர். இமை முடிகளையும் புருவத்தையும் நிரந்தரமாகக் கருப்பாக்கும் சாயம். 1930களின் தொடக்கத்தில் அழகு நிலையங்களில் பரவலாகப் புழங்கியது. கருமைக்குக் காரணமான வேதிப்பொருளின் பெயர் பாராபெனிலீன்டையமின், சுருக்கமாக பி.பி.டி. நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் சாயக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் மூலக்கூறு மிகச் சிறியது. முடிக்குள் எளிதாக நுழைந்து, அங்கே ஆக்சிஜனேற்றம் அடைந்து, பெரிய கருநிற மூலக்கூறாக மாறிப் பூட்டிக்கொள்கிறது. கழுவினாலும் போகாத கருமையின் ரகசியம் அதுதான். நுழைகிற அந்தத் திறமையே ஆபத்தும்கூட. தோலுக்குள் நுழையும்போது சிலரின் உடல் அதை எதிரியாக அடையாளம் வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை பட்டதும் கொப்புளம், வீக்கம், நீர்வடிதல் எனச் சீறி எழுகிறது. விலங்கு ரோமத் தோலுக்கு இந்தச் சாயம் ஏற்றிய தொழிலாளர்களின் கைகளில் வந்த புண்களைக் கண்டு, இதன் குணத்தைத் தோல் மருத்துவர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். அதைத்தான் கருவிழியிலிருந்து நூலிழை தூரத்தில் பூசினார்கள்.

1933இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் லாஷ் லூர் பாதிப்புகள் பற்றிய குறிப்புகள் வெளிவந்தன. ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் ஒரு பெண்மணி, ஊர்க் கூட்டமொன்றில் தமக்கு நடக்கவிருந்த பாராட்டுக்காக, அழகு நிலையத்துக்குப் போய் இமைக்குச் சாயம் பூசிக்கொண்டார். சில மணி நேரத்தில் கண்கள் எரிந்தன. விடிவதற்குள் முகம் வீங்கிக் கண்கள் மூடிக்கொண்டன. கருவிழிகள் அழுகிப் பார்வை முழுவதும் போயிற்று. சாயம் பூசுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த அவருடைய இரண்டு படங்கள்தான் பிறகு அந்தச் சட்டப் போராட்டத்தின் சாட்சியாக நாடெங்கும் சுற்றின. இன்னொரு பெண் தொற்று முற்றி இறந்தே போனார். இத்தனைக்கும் பிறகு லாஷ் லூர் விற்பனையை நிறுத்த அமெரிக்க அரசுக்கு அதிகாரம் கிடையாது. அது உணவுமில்லை, மருந்துமில்லை. பி.பி.டி. என்று புட்டியில் எழுதச் சொல்லவும் வழியில்லை. 1938 வரை அது கடையில் இருந்தது.

கோரெம்லு என்ற முடி நீக்கும் களிம்பின் கதை இதைவிடத் தெளிவாக ஒன்றைக் காட்டுகிறது. அதில் இருந்தது தாலியம் அசிடேட். எலியைக் கொல்லப் பயன்பட்டு வந்த நஞ்சு. தாலியம் உடலுக்குள் போனால் முடி உதிரும் என்பது மருத்துவத்தில் பழைய செய்தி. அது நஞ்சின் அடையாளமாகவே பாடப் புத்தகங்களில் இருந்தது. அந்த அடையாளத்தையே அழகு சேவையாக மாற்றி, பெரிய அங்காடிகளில் விற்றார்கள். மேலுதட்டுப் பூனைமுடிக்காகப் பூசிய பெண்களுக்குத் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது, கால் நரம்புகள் செயலிழந்தன, சிலருக்குப் பார்வை மங்கியது. இழப்பீட்டு வழக்குகள் குவிந்து 1932இல் நிறுவனம் திவாலானது. அதை மூட வைத்தது அரசின் சட்டம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்கள் தனித்தனியே நீதிமன்றம் போய், நிறுவனத்திடம் பணம் தீர்ந்த பிறகே அது மூடியது. பின்னால் வந்தவர்களுக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

இங்கே அன்றும் இன்றும் சொல்லப்படும் ஒரு மறுப்பை எடுத்துக்கொள்ளலாம். லேபிளில் வேதிப்பெயர்களை வரிசையாக அடுக்குவதால் யாருக்கு என்ன லாபம், வேதியியல் படிக்காத சாதாரண மனிதருக்கு அதில் ஒரு சொல்லாவது விளங்குமா என்பது அது. கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் லேபிளைப் படிப்பவர் வாங்குபவர் ஒருவர் மட்டும்தான் என்று எண்ணுவதில்தான் இந்த வாதம் சறுக்குகிறது. கோரெம்லு டப்பாவில் தாலியம் என்ற ஒரே சொல் இருந்திருந்தால், அதை அலமாரியில் அடுக்கிய மருந்துக்கடைக்காரருக்கு அது எலி நஞ்சு என்று தெரிந்திருக்கும். நோயாளி பையிலிருந்து எடுத்துக் காட்டிய டப்பாவைப் பார்த்த மருத்துவருக்கு, நரம்பு நோய் என்று மாதக்கணக்கில் தேடாமல், முதல் நாளே நோயின் வேர் பிடிபட்டிருக்கும். பத்திரிகையாளர் ஒருவர் கேள்வி கேட்டிருப்பார். அச்சிட்ட பெயர் ஆயிரம் பேரில் ஒருவருக்குப் புரிந்தால் போதும், மற்ற 999 பேரையும் அது காக்க முடியும். பெயர் எழுதப்படாதபோது அந்த ஒருவரும் மற்றவர்களைப் போலவே இருட்டில் நிற்கிறார். ஆகவே புரியாது என்பது எழுதாமலிருக்கக் காரணமாகாது.

இதற்கு நேர் எதிரான ஒரு சான்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ரேடித்தார் என்பது ரேடியம் கலந்த தண்ணீர். நியூ ஜெர்சியில் வில்லியம் பெய்லி என்பவர் தயாரித்து, உடலுக்கு உற்சாகம் தரும் பானம் என்று விற்றார். அவர் மறைக்கவில்லை, ரேடியம் இருக்கிறது என்பதையே விளம்பரமாக்கினார், உண்மையிலேயே இருக்கவும் செய்தது. எபன் பையர்ஸ் என்ற செல்வந்தர் ஏறத்தாழ 1,400 புட்டிகள் குடித்தார். தாடை எலும்பு அரித்துப்போய் 1932 மார்ச் 31 அன்று இறந்தார். லேபிள் முழு உண்மை, ஆனாலும் ஆள் செத்தார். உள்ளடக்கத்தை எழுதுவது மட்டுமே காப்பாற்றிவிடும் என்று நினைப்பவர்கள் இந்தச் சாவின் முன் கொஞ்சம் நிற்க வேண்டும். பையர்ஸ் அறிந்தது பொருளின் பெயரை. அறியாதது அது எலும்பில் போய்த் தங்கி என்ன செய்யும் என்பதை. அறியும் உரிமை என்பதற்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, உடலை என்ன செய்யும் என்ற மூன்றும் அடங்கியாக வேண்டும். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்ற இரண்டைப் பிடித்துவைத்தால், கொடுத்த ஒன்றையும் விற்பவர் தன் விளம்பரத்துக்கே பயன்படுத்திக்கொள்வார்.

1933இல் ஆர்தர் காலட், எஃப்.ஜே. ஷ்லிங்க் இருவரும் எழுதிய ஒரு நூல் அமெரிக்காவில் பரபரப்பாக விற்றது. பத்துக் கோடி சோதனை எலிகள் என்று தமிழில் சொல்லத்தக்க தலைப்பு அதற்கு; அன்றைய அமெரிக்க மக்களைத்தான் அப்படிக் குறித்தார்கள். அதே ஆண்டு ஜூனில் செனட்டர் ராயல் கோப்லாண்ட் புதிய சட்ட வரைவை முன்வைத்தார். வேளாண் துறையில் இருந்த ரெக்ஸ்ஃபர்ட் டக்வெல் அதற்குப் பின்னணியில் இருந்தார். உணவு, மருந்து நிர்வாகத்தின் தலைவர் வால்டர் கேம்ப்பெல், தம் அதிகாரத்துக்கு எட்டாத பொருள்களை எல்லாம் படங்களோடும் புட்டிகளோடும் ஒரு கண்காட்சியாக அடுக்கினார். லாஷ் லூர், கோரெம்லு, ரேடித்தார் எல்லாம் அதில் இருந்தன. பத்திரிகைக்காரர்கள் அதைக் கொடூரக் கூடம் என்று அழைத்தார்கள். அங்கே பணியாற்றிய ரூத் டிஃபாரஸ்ட் லாம் அதே பெயரைத் தழுவி 1936இல் நூலே எழுதினார். பெண்கள் சங்கங்கள் ஊர் ஊராக இந்தச் சட்டத்துக்கு ஆதரவு திரட்டின. நான்கு ஆண்டு கடந்தும் சட்டம் வரவில்லை. மருந்து விளம்பரங்களை நம்பி நடந்த நாளேடுகள் பலவற்றில் இந்த வரைவைப் பற்றிச் செய்தியே வரவில்லை. மௌனத்தைக் குற்றமாக்கப் போகிற சட்டத்தைப் பற்றியும் மௌனம்தான்.

எதிர்த்தவர்கள் முன்வைத்த காரணங்களில் கனமானது தொழில் ரகசியம். வருடக்கணக்கில் உழைத்து ஒருவர் கண்டுபிடித்த கலவையை லேபிளில் எழுதினால் பக்கத்துக் கடைக்காரர் அதைப் பார்த்துச் செய்துவிட மாட்டாரா? இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பொருள்களின் பெயர்ப் பட்டியல் வேறு, செய்முறை வேறு. சாம்பார்ப் பொடியில் மல்லி, மிளகாய், துவரை, வெந்தயம் இருக்கிறது என்று தெரிந்தவர் எல்லாரும் ஒரே ருசியில் அரைத்துவிடுவதில்லை. அளவு, வறுக்கும் பக்குவம், வரிசை எல்லாம் அரைப்பவரிடமே இருக்கின்றன. தவிர, போட்டியாளரிடமிருந்து ரகசியம் காப்பாற்றப்பட்டது என்பதற்கே பெரிய ஆதாரம் இல்லை. ஆய்வுக்கூடம் வைத்திருக்கும் போட்டியாளர் புட்டியை வாங்கிப் பிரித்துப் பார்த்துவிடுவார். பிரித்துப் பார்க்க வசதியில்லாதவர் வாங்குபவர் ஒருவர்தான். ரகசியத்தின் சுவர் உண்மையில் அவரை மட்டுமே வெளியே நிறுத்தியது.

ஐந்தாண்டு முட்டுக்கட்டையை உடைத்தது ஓர் இனிப்பு மருந்து. டென்னசி மாநிலம் பிரிஸ்டலில் இருந்த மாசெங்கில் நிறுவனம் 1937இல் சல்ஃபனிலமைடு மருந்தைத் திரவமாகத் தர முடிவு செய்தது. தொண்டை நோய்க்கு மாத்திரையாகவும் தூளாகவும் நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்த மருந்து அது. நீரில் எளிதில் கரையாத அதைக் கரைக்க டைஎத்திலீன் கிளைக்காலைத் தேர்ந்தெடுத்தார்கள். ராஸ்பெரி சுவை சேர்த்தார்கள். ருசி, நிறம், மணம் மூன்றையும் சோதித்தார்கள். நச்சுத்தன்மையைச் சோதிக்கவில்லை, சோதிக்கச் சட்டமும் சொல்லவில்லை. 240 கேலன் தயாராகிச் செப்டம்பரில் நாடெங்கும் போனது. அக்டோபரில் ஓக்லஹோமாவின் துல்சாவிலிருந்து மருத்துவச் சங்கத்துக்குத் தகவல் வந்தது: குடித்தவர்களுக்குச் சிறுநீர் நின்றுபோகிறது, வலியில் துடித்துச் சாகிறார்கள். மொத்தம் 100 பேருக்கும் மேல் இறந்தார்கள், அதில் பலர் குழந்தைகள். நிறுவனம் முதலில் அனுப்பிய தந்திகளில் சரக்கைத் திருப்பி அனுப்புங்கள் என்று மட்டும் இருந்தது. ஏன் என்ற காரணம் இல்லை, உயிருக்கு ஆபத்து என்ற சொல் இல்லை. அரசு வற்புறுத்திய பிறகே இரண்டாவது தந்தியில் அந்தச் சொல் வந்தது. ஏறக்குறைய முழு ஆய்வாளர் படையும் வீடு வீடாக, மருந்துக்கடை கடையாகத் தேடி அலைந்து, 234 கேலனுக்கு மேல் மீட்டது. மீட்க முடியாமல் போன அந்தச் சில கேலன்கள்தான் அத்தனை உயிர்களைத் தின்றன.

இந்தத் தேடலுக்கு அரசு எந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். அந்தத் திரவம் எலிக்ஸிர் என்ற பெயரில் விற்றது. எலிக்ஸிர் என்ற சொல்லுக்கு மருந்தியலில் மதுவில் கரைத்தது என்று பொருள். அந்தத் திரவத்தில் மது இல்லை. ஆகவே லேபிள் தவறு, பறிமுதல் செய்யலாம். எலிக்ஸிருக்குப் பதிலாகக் கரைசல் என்று எழுதியிருந்தால், 100 பேரைக் கொன்ற அதே திரவத்தைத் தொடக்கூட அரசுக்கு அதிகாரம் இருந்திராது. இதைக் கேம்ப்பெல் வெளிப்படையாகவே சொன்னார். நூறு சாவுகள் குற்றமாகவில்லை, ஒரு தவறான சொல் குற்றமாயிற்று. 1906 சட்டத்தின் பிழையை இதற்கு மேல் தெளிவாக யாரும் விளக்கிவிட முடியாது. மகளை இழந்த துல்சா தாய் ஒருவர் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு எழுதிய கடிதமும், செய்தித்தாள்களில் வந்த குழந்தைகளின் பெயர்களும் காங்கிரஸை அசைத்தன. 1938 ஜூன் 25 அன்று புதிய சட்டத்தில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். ஐந்தாண்டு இழுத்துக்கொண்டு வந்த கோப்லாண்ட் அதற்குச் சில நாள் முன்புதான் இறந்திருந்தார்.

புதிய சட்டம் மருந்துக்குப் பாதுகாப்புச் சான்றைக் கேட்டது. உணவில் கலந்தவற்றின் பெயர்களை எழுதச் சொன்னது, ஆனால் மசாலா, மணம், நிறம் ஆகியவற்றுக்குப் பொதுப்பெயரே போதும் என்று சலுகை தந்தது. ஒப்பனைப் பொருள்களை முதன்முறையாக உள்ளே கொண்டுவந்தது. தீங்கான பொருளை விற்றால் பறிமுதல். இந்தச் சட்டத்தின்கீழ் முதலில் பறிமுதலானது லாஷ் லூர்தான். ஆனால் அதே பிரிவிலேயே நிலக்கரித் தார்த் தலைச்சாயத்துக்கு விலக்கு வழங்கினார்கள். தோல் சோதனை செய்யுங்கள், இமைக்குப் பூசாதீர்கள், பார்வை போகலாம் என்ற எச்சரிக்கையை அச்சிட்டால், தோலுக்குத் தீங்கு செய்யும் சாயமாக இருந்தாலும் விற்கலாம். நம் ஊர்ச் சாயப் பொட்டலத்தில் இருக்கும் வரி அந்தப் பேரத்தின் விலை. கண் இழந்த பெண்களுக்காக எழுதப்பட்ட எச்சரிக்கை, சாயத் தொழிலுக்குக் கொடுத்த விலக்குச் சீட்டாகவும் ஆனது. அறியும் உரிமையைச் சந்தேகத்தோடு பார்ப்பவர்களின் வலுவான வாதம் இங்கிருந்துதான் புறப்படுகிறது: சொல்லிவிட்டோம், இனி உன் பாடு என்று விற்பவர் கை கழுவ இது வழி செய்கிறதே? உண்மை, அப்படிப் பயன்படுத்தப்பட்டது. அதற்காகச் சொல்வதே வேண்டாம் என்று முடிவு செய்வது, பூட்டு உடைக்கப்படுகிறது என்பதற்காகக் கதவையே வைக்காமல் விடுவது போலாகும். தீங்கானதை விலக்கும் கடமை அரசுக்கும் தயாரிப்பாளருக்கும் உரியது. அறிவது வாங்குபவருக்கு உரியது. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கழிக்கக் கூடாது என்று எழுதத் தவறியது 1938ஆம் ஆண்டின் குறை.

ஒப்பனைப் பொருளில் என்ன இருக்கிறது என்று பட்டியலிடும் கடமையை அந்தச் சட்டம் விதிக்கவில்லை. அதற்கு இன்னும் 39 ஆண்டுகள் ஆயின. 1962 மார்ச் 15 அன்று அதிபர் கென்னடி காங்கிரஸுக்கு அனுப்பிய செய்தியில் நுகர்வோரின் நான்கு உரிமைகளுள் ஒன்றாக அறியும் உரிமையைக் குறிப்பிட்டார். 1966இல் பொதி, லேபிள் சட்டம் வந்தது. அதன் பலத்தில் 1977இல்தான் அமெரிக்க ஒப்பனைப் பொருள்களில் உட்பொருள் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. அப்போதும் பல பத்து வேதிப்பொருள்கள் நறுமணம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்ள இடம் இருந்தது. 1938இல் உணவின் மசாலாவுக்குத் தந்த அந்தச் சிறு சலுகையின் வாரிசு இது. ஐரோப்பிய ஒன்றியம் ஒவ்வாமை தரும் 26 மணப்பொருள்களைப் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்று 2005 முதல் கட்டாயமாக்கியது. வீடு துடைக்கும் திரவங்களுக்கு இப்படிப்பட்ட பட்டியலைக் கேட்ட கலிஃபோர்னியச் சட்டம் 2017இல்தான் நிறைவேறியது.

எச்சரிக்கை அதிகமாகிவிட்டால் மக்கள் எதையும் படிக்க மாட்டார்கள் என்பது இன்றைய மறுப்பு. கலிஃபோர்னியாவின் 65ஆம் முன்மொழிவை எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். 1986 நவம்பரில் 63 சதவீத வாக்காளர்களின் ஆதரவில் அது நிறைவேறியது. புற்றுநோயோ பிறவிக் குறைபாடோ உண்டாக்கும் பொருளுக்கு மக்களை ஆளாக்குவோர் முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும். அங்கே காபிக் கடைச் சுவர்வரை எச்சரிக்கைப் பலகைகள் தொங்கியிருக்கின்றன, பலர் ஏறிட்டும் பார்ப்பதில்லை என்பது மெய்தான். ஆனால் அந்தச் சட்டம் வேலை செய்த இடம் வாங்குபவரின் கண் மட்டுமில்லை. தட்டச்சுப் பிழை திருத்தும் லிக்விட் பேப்பரில் டிரைகுளோரோஎத்திலீன் இருந்தது. எச்சரிக்கை அச்சிட வேண்டிய நிலை வந்ததும், 1989இல் தயாரிப்பாளர் அந்தப் பொருளையே எடுத்துவிட ஒப்புக்கொண்டார். கைக்குழந்தைச் சாறுகளில் 1906க்குப் பிறகு நடந்ததும் இதுவே. எழுத வேண்டும் என்ற கட்டாயம், எழுதக் கூச்சப்படும் பொருளைத் தயாரிப்புக் கூடத்திலேயே தடுக்கிறது. இந்தப் பயன் வாங்குபவர் படித்தாலும் படிக்காவிட்டாலும் கிடைக்கிறது.

லேபிள் எட்டவே முடியாத ஓர் இடம் உண்டு என்பதை நாம் மிக அண்மையில், மிக அருகில் கண்டோம். மாசெங்கில் புட்டியில் இருந்த அதே டைஎத்திலீன் கிளைக்கால் 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் கிளிசரினோடு கலந்து 14 பேரைக் கொன்றது. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் இருமல் மருந்து குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருப்பது தெரிந்தது. எந்தத் தயாரிப்பாளரும் இதை உட்பொருள் பட்டியலில் எழுதப்போவதில்லை. இங்கே பட்டியல் என்ன செய்யும் என்று கேட்டால், ஒன்றும் செய்யாது. ஆனால் அறியும் உரிமை பட்டியலோடு முடிந்துவிடுவதில்லை. ஓர் ஆலையில் ஆய்வாளர் எப்போது கடைசியாகப் போனார், மூலப்பொருளைச் சோதித்தார்களா, சோதனையில் தோற்ற மருந்தின் தொகுதி எண் எது என்பவை அரசிடம் இருக்கும் தகவல்கள். 1937இல் தந்தியில் காரணம் எழுதாததும், இன்று இத்தகவல்கள் கோப்புக்குள் கிடப்பதும் ஒரே வகை மௌனம். புட்டியின் மேல் எழுத முடியாததை மருந்துக்கடைச் சுவரில் எழுதலாம்.

இனி டேட்டன் பெண்மணிக்குத் திரும்புவோம். அவர் லாஷ் லூர் புட்டியைக் கையில் எடுத்துப் பார்த்திருக்க மாட்டார். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். புட்டியைத் திறந்தது அழகு நிலையப் பணிப்பெண். 1938 சட்டம் அச்சிடச் சொன்ன எச்சரிக்கை அன்றே புட்டியில் இருந்திருந்தாலும், அதைப் படித்திருக்க வேண்டியவர் அந்தப் பணிப்பெண்தான். நம் விதிகள் அந்த எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும், வெளி லேபிளிலும் உள் லேபிளிலும் அச்சிடச் சொல்கின்றன. ஆனால் திருமணத்துக்கு முதல் நாள் மணப்பெண்ணின் கையில் சீக்கிரம் கறுக்கும் மருதாணி என்று வரைகிற கலவையில் பி.பி.டி. சேர்த்திருந்தால், அங்கே லேபிள் என்று ஒன்றே இருக்காது. நாள் முழுவதும் அடுத்தவர் தலைக்குச் சாயம் பூசும் சலூன் தொழிலாளியின் விரல்களில் அதே பொருள் தினமும் படுகிறது. வாங்குபவர் என்ற பட்டியலில் அவர் இல்லவே இல்லை. தான் கையாளும் பொருளின் பெயரைத் தெரிந்துகொள்ளும் உரிமையை அமெரிக்கத் தொழிலாளர்கள் 1980களில் எப்படிப் பெற்றார்கள், அதில் 1984 டிசம்பர் போபால் இரவுக்கு என்ன பங்கு என்பதை அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.

(தொடரும்)